கன்னி மூலைத் தண்ணீர்

ஒரு வீட்டை எடைபோட அம்மாவுக்கு ஒரே கேள்விதான். வாசலில் நின்றபடியே, "தண்ணி எப்படி?" என்பாள். பதில் இழுத்தடித்து வந்தால் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டாள். சமையலறை பெரிதா, காற்று வருமா, பக்கத்தில் கடை இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

அவளைக் குறை சொல்ல முடியாது. மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த போர்ஷனில் வீட்டுக்காரர் காலையில் கொஞ்ச நேரம் மோட்டார் போடுவார். அதற்குள் குளித்து, துவைத்து, பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். நினைத்த நேரத்துக்கு நிறுத்தியும் விடுவார். சோப்பு நுரையோடு அப்பா பாத்ரூமுக்குள் நின்று, "இந்தா, ஒரு சொம்பு" என்று கத்திய காலைகள் பல. மழை பொய்த்த அந்த ஆண்டுகளில் அதுவும் போய், தெருமுனையில் லாரிக்குக் காத்திருக்கும் காலம் வந்தது. வரிசையில் குடத்தை வைத்துவிட்டு வந்தால் குடம் பின்னால் போயிருக்கும், அதற்கு ஒரு சண்டை. வலப்பக்க இடுப்பில் குடம் சுமந்து சுமந்து அம்மாவின் நடையே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வெறுங்கையோடு நடந்தாலும் குடம் இருப்பது போலவே நடப்பாள்.

அதனால் அப்பா ஓய்வு பெற்று, ஊரப்பாக்கத்தில் வெகுநாளாகச் சும்மா கிடந்த மனையில் வீடு கட்டப்போவதாக அறிவித்தபோது, அம்மா கேட்டது ஒன்றுதான். "குழாயைத் தெறந்தா தண்ணி வரணும். வராதுன்னா நீங்களும் உங்க பொண்ணும் போய் இருந்துக்குங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

அந்த மனையை வாங்கிய காலத்தில் விளம்பரத்தில் "தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்" என்று போட்டிருந்தது. ஊரப்பாக்கம் போய், கூடுவாஞ்சேரி போய், மறைமலைநகர் தாண்டியும் மனை விற்க ஆரம்பித்த பிறகும் எல்லா விளம்பரத்திலும் அதே பத்து நிமிடம்தான். அண்டம் விரிவதைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. யாரும் எங்கேயும் ஓடவில்லை, நடுவில் இருக்கிற இடம்தான் நீள்கிறது. அதுவும் வேகம் குறைந்தல்ல, கூடிக்கூடி. எது அப்படித் தள்ளுகிறதென்று யாருக்கும் தெரியாது. தெரியாததற்கு ஒரு பெயர் வேண்டுமே என்று 'கரும் ஆற்றல்' என்று வைத்திருக்கிறார்கள்.

நான் அப்போது தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக இயற்பியல் எடுத்துக்கொண்டு, மீதி நேரத்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக மன்றாடிக்கொண்டிருந்தேன். என் விஷயம் கரும்பொருள். வீட்டில் அதைப் புரியவைக்க நான் பட்ட பாட்டுக்கே ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம். கடைசியில் திருவிழா ராட்டினம்தான் கைகொடுத்தது.

"சங்கிலில தொங்கற நாற்காலி ராட்டினம் இருக்கில்லம்மா? அது வேகமா சுத்தினா சங்கிலி பலமா இழுத்துப் பிடிக்கணும். இல்லன்னா நாற்காலி பிச்சுக்கிட்டுப் போயிடும். வானத்துல நட்சத்திரமெல்லாம் கூட்டம் கூட்டமா அப்படித்தான் சுத்துது. ஓரத்துல இருக்கறது எவ்வளவு வேகமாப் போகுதுன்னு அளந்துட்டாங்க. கண்ணுக்குத் தெரியற கனத்தையெல்லாம் கூட்டிப் பாத்தா, அந்த இழுப்பு பத்தாது. பிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். போகல. அப்ப தெரியாத கனம் ஏதோ இழுத்துப் பிடிச்சிருக்கு."

"எவ்வளவு தெரியாது?" என்றாள் அம்மா, கீரை ஆய்ந்தபடி.

"எல்லாத்தையும் சேத்துப் பாத்தா, நமக்குத் தெரிஞ்சது நூத்துல அஞ்சுகூட இல்ல. மீதி கரும்பொருளு, கரும் ஆற்றலு. என்னன்னு தெரியாது."

அப்பா செய்தித்தாளை மடக்கினார். "நூத்துல அஞ்சு வாங்கினா எங்க காலத்துல ஃபெயில்னு சொல்லுவாங்க. இவங்க டாக்டர் பட்டம் கொடுக்கறாங்க." அம்மா சிரிக்கவில்லை. "இருக்குன்னு தெரிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டுக் கீரைத்தண்டை ஒதுக்கினாள்.

அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது மிகக் குறைவு. அப்பா 'இந்தா' என்பார், அம்மா 'என்னங்க' என்பாள். நடுவில் சாவி, மாத்திரை, கேஸ் சிலிண்டர். சண்டையும் கிடையாது. முந்தின வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டாள், அவ்வளவுதான். ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளுகிற இரண்டு பேர் என்றுதான் நான் அவர்களைப் பற்றி நினைத்திருந்தேன். எனக்குக் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் எரிந்து விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தை மாதத்தில் மனையில் பூஜை போட்டோம். விடிகாலையில் வாசலுக்காக விட்டிருந்த இடத்துக்கு நேரெதிரே சூரியன் எழும்பியது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாரு, நூல் பிடிச்ச மாதிரி கிழக்கு! வேற எவனுக்கு இப்படி மனை அமையும்?" அது போதாதென்று ரயில் பாதையைக் காட்டினார். எங்கள் லைனில் குடியிருக்கும் எல்லோருக்கும் தாம்பரம் பக்கம் வடக்கு, செங்கல்பட்டு பக்கம் தெற்கு. மின்சார ரயிலில் ஏறியவர்கள் யாரும் இதில் சந்தேகப்பட்டதில்லை. மனைகளும் பாதைக்கு இணையாகத்தான் பிரிக்கப்பட்டிருந்தன. ஆக, தெருப் பக்கம் தாம்பரத்தை ஒட்டிய மூலை வடகிழக்கு, ஈசானிய மூலை. பின்பக்கம் செங்கல்பட்டை ஒட்டிய மூலை தென்மேற்கு, கன்னி மூலை.

சுவர் இடுப்பளவு எழும்பியதும் போர் போட நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வந்தார் அப்பா. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, உள்ளங்கையில் உரிக்காத தேங்காய். கையை நீட்டிக்கொண்டு மனை முழுக்க நடந்தார். ஈசானிய மூலைக்குப் போனதும் படுத்திருந்த தேங்காய் மெல்ல எழுந்து நின்றது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வீட்டிலேயே சத்தியம் வாங்கியிருந்தார்கள். மூடிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் முகத்தை மூட முடியவில்லை.

"ஏம்மா மூஞ்சிய அப்படி வச்சிருக்கே?" என்றார் அப்பா, தேங்காய்க்காரர் போன பிறகு. "நீ காணாத பொருள் இழுக்குதுன்னா அது விஞ்ஞானம். அவர் சொன்னா மட்டும் மூடநம்பிக்கையா?"

எனக்குச் சுருக்கென்றது. வித்தியாசம் இருக்கிறது என்று தெரியும், சட்டென்று சொல்லத்தான் வரவில்லை. கோபத்தில், "எங்க தேங்காய் வேறப்பா" என்றேன். அப்பா அன்றைக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

போர் வண்டி வந்தது. காலையிலிருந்து இறக்கினார்கள். மேல்மண் போய், சுக்கான் கல் போய், பாறை வந்தது. அப்புறம் பாறை, மறுபடியும் பாறை. குழியிலிருந்து வெள்ளைப் புகையாகக் கல்மாவுதான் கிளம்பியது. மாலை வரை பார்த்துவிட்டுக் குழாய்களை உருவிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அப்பா தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாகி ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா தன் முந்தானையை நீட்டினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு போட்டுப் பாக்கலாம்" என்றார். அம்மா மேற்குத் தாம்பரத்துக்குத் திரும்பி, மறுநாள் வழக்கம்போலக் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள்.

அவள் போவதைப் பார்த்துத்தான் எனக்கு ரோஷம் வந்தது. எத்தனையோ தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கே கிடக்கிறது என்று கணக்குப் போடுகிறேன், என் அம்மாவின் காலடியில் தண்ணீர் எங்கே என்று தெரியவில்லை. ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சொல்ல முடியாது. பல நட்சத்திரங்களை அளந்து, எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால்தான் அங்கே ஏதோ இருக்கிறது என்று பேச்சை எடுக்கலாம். அப்பாவுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலும் இதுதான். சரி, தெருவை அளப்போம் என்று கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். உங்கள் போரில் தண்ணீர் இருக்கிறதா, கோடையில் நிற்கிறதா, எந்த இடத்தில் போட்டீர்கள். முதல் வீட்டு ஆட்டோக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னாக்கா, பஞ்சாயத்துல இருந்து வந்துகினு கீறியா? தண்ணி கீதுன்னு சொன்னா வரி கிரி போடுவீங்களா?"

"இல்லண்ணா. எங்க போர்ல தண்ணி வரல. அதான்."

"அந்தத் தேங்கா ஆளு வந்தாரா? எங்க வூட்டுக்கும் அவருதான். ஈசானி மூலையிலதான் நின்னுச்சு. அத்த ஏன் கேக்கற, காத்துதான் வருது. பேஜாரு."

தெரு முழுக்க இதே கதை. எல்லா வீட்டிலும் தேங்காய் ஈசானிய மூலையில்தான் எழுந்து நின்றிருந்தது. தண்ணீரோ சில வீடுகளில் இருந்தது, பல வீடுகளில் இல்லை. தேங்காயை இழுத்தது என்னவென்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வீட்டுக்காரர்கள் எங்கே தண்ணீர் வேண்டும் என்று நினைத்தார்களோ அந்த நினைப்புதான் இழுத்திருக்கிறது. அவர் ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். தன் கை சாய்வது அவருக்கே தெரிந்திருக்காது.

கட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக் கூடத்தின் வெறும் சிமெண்டுத் தரையில் செங்கல் துண்டால் தெருவை வரைந்தேன். தண்ணீர் உள்ள போருக்கு வட்டம், இல்லாததற்குப் பெருக்கல் குறி. வட்டங்கள் எல்லாம் தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரே கோட்டில் விழுந்தன. பாறைக்கு அடியில் ஒரு வெடிப்பு அப்படி ஓடுகிறது, அதில்தான் தண்ணீர் நிற்கிறது. அந்தக் கோட்டை நீட்டினேன். எங்கள் மனையை அது ஒரே ஒரு இடத்தில் தொட்டுக்கொண்டு போனது. பின்பக்கம், செங்கல்பட்டை ஒட்டிய மூலை.

எனக்கு இருந்த சந்தோஷத்தில் குதிக்காத குறை. அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தரையைக் காட்டினேன். அவள் படத்தையும் பார்த்தாள், மூலையையும் பார்த்தாள்.

"இது கன்னி மூலைடி."

"இருக்கட்டுமே?"

"கன்னி மூலையில கனம் இருக்கலாம், பள்ளம் ஆகாது. வீட்டுத் தலைவருக்கு ஆகாது." சொல்லிவிட்டு எழுந்தாள். "அந்தத் தண்ணி வேணாம்."

நான் கத்தினேன். வெட்கமில்லாமல், மேஸ்திரியும் சித்தாள்களும் பார்த்துக்கொண்டிருக்க, கத்தினேன். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் தண்ணீர் என்று புலம்பினாயே, இப்போது காலடியில் இருக்கிறது என்கிறேன், மூலை சரியில்லையா? பின்மனைக்காரர் அடுத்த மாதம் வீடு கட்டக் கடைக்கால் தோண்டப்போகிறார், அப்புறம் வண்டி அந்தப் பக்கம் வரவே முடியாது, தெரியுமா? "படிக்காதவங்க பேசற பேச்சு!" என்றும் ஒரு வார்த்தை விட்டேன். அம்மா கல்மாதிரி நின்றாள். "இத்தனை வருஷம் தூக்கினேன். இன்னும் கொஞ்ச வருஷம் தூக்கிட்டுப் போறேன். அந்த மூலையில குழி வெட்டினா நான் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

திரும்பும்போது ரயிலில் அம்மா பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நான் வேண்டுமென்றே அப்பாவோடு ஏறினேன். வண்டலூர் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கோடு நெசமாவே அங்கதான் போகுதா?" என்றார்.

"நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன்ப்பா. ஆனா போடறதா இருந்தா அங்கதான் போடணும்."

"அப்ப போட்டுடலாம். அவ கிட்ட ஈசானியத்துலதான் இன்னொண்ணு போடறோம்னு சொல்லிக்கலாம். வண்டி போன பிறகு தெரிஞ்சா தெரியட்டும்." கொஞ்சம் பொறுத்து, "ஆகாதுன்னா எனக்குத்தானே ஆகாது? அவ இடுப்ப பாத்தியா நீ?" என்றார்.

அப்பா அம்மாவின் இடுப்பைப் பார்த்திருப்பார் என்றே நான் நினைத்ததில்லை. திருட்டுத்தனமாகப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். தாம்பரத்தில் இறங்கி, அம்மா வரும்வரை படிக்கட்டருகே நின்றோம். மூவரும் வீட்டுக்கு நடந்தோம்.

ஆனி மாதம் பிறந்தது. சிமெண்டுச் சுவர் வெடிக்காமல் இருக்கத் தினமும் தண்ணீர் அடிக்க வேண்டும், லாரித் தண்ணீரைத்தான் தொட்டியில் நிரப்பி வைத்திருந்தோம். ஒரு ஞாயிறு முதல் ரயிலைப் பிடித்து அப்பாவோடு போய், நான் வாளியும் மக்குமாகச் சுவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். விடிந்தது. சூரியன் எங்கள் வாசலுக்கு எதிரே வரவில்லை. தாம்பரம் பக்கத்துச் சுவருக்கு மேலே, அடுத்த வீட்டு முருங்கை மரத்துக்குள்ளிருந்து எழும்பியது.

மக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

சூரியன் கிழக்கில் உதிக்கும் என்கிறோமே தவிர, அது தினமும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. தையில் தெற்குக் கோடியிலிருந்து திரும்பி வடக்கே நகரும், ஆடியில் மறுபடி தெற்கே திரும்பும். உத்தராயணம், தட்சிணாயனம் என்று பொங்கல் வைக்கிற வீட்டிலெல்லாம் சொல்கிறார்கள். நேர்க்கிழக்கு இரண்டு கோடிக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் வாசலுக்கு எதிரே சூரியன் வந்தது தையில், அதாவது தெற்குக் கோடியில் நின்றபோது. அப்படியானால் எங்கள் வாசல் கிழக்குப் பார்க்கவில்லை. நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கிறது. ரயில் பாதையும் சாய்ந்துதான் போகிறது. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் பாதையைப் பார்த்துப் பார்த்து, திசையையே திருப்பி வைத்திருக்கிறோம். வானத்தைப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு ஆறு மாதமாக இது தெரியவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அடுத்த ஞாயிறு அம்மாவை அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்றவளை, "ஒரு குச்சிய நட்டுக் காட்டறேன், வந்து உக்காரு, போதும்" என்று கெஞ்சி இழுத்துப் போனேன். பின்பக்கம் மண்ணைச் சமப்படுத்தி, ஒரு துண்டுக் கம்பியை நேராக நட்டேன். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். காலையில் கம்பியின் நிழல் நீளமாக வட்டத்துக்கு வெளியே கிடக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கி ஓரிடத்தில் வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும். மத்தியானத்துக்கு மேல் நீண்டு இன்னோர் இடத்தில் தொட்டு வெளியே போகும். இரண்டு இடத்தையும் சேர்த்தால் அதுதான் மேற்கு-கிழக்கு. கோயில் கட்டுகிறவர்களும் இப்படித்தான் திசை பார்ப்பார்கள் என்று அம்மாவுக்கே தெரிந்திருந்தது.

"நான்தான் புள்ளி வைப்பேன்" என்றாள். "நீ தண்ணிக்காகப் பொய் சொன்னாலும் சொல்லுவ."

கோலமாவு டப்பாவைக் கையோடு எடுத்துவந்திருந்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிழலின் நுனி நகர நகரப் புள்ளி வைத்தாள். சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னாள். மூன்று மணி வாக்கில் நிழல் வட்டத்தைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது, எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்துவிட்டது. மழைக்காக எத்தனையோ நாள் மேகத்தை வேண்டிக்கொண்டவள், "போயேன் சனியனே, இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா" என்று திட்டினாள். அப்பா அடக்க மாட்டாமல் சிரித்தார். மேகம் நகர்ந்தது, நிழல் வட்டத்தைத் தொட்டது, அம்மா புள்ளி வைத்தாள்.

இரண்டு புள்ளிக்கும் கயிறு பிடித்தோம். கயிறு எந்தச் சுவருக்கும் இணையாக இல்லை. மனையைக் குறுக்கே வெட்டி, ஒரு முனை வறண்ட போர் மூலையையும் மறுமுனை கன்னி மூலை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த இடத்தையும் ஒட்டிப் போனது.

"அப்ப இது?" என்றாள் அம்மா.

"மேற்கும்மா. கன்னி மூலை அதோ, அந்தச் சுவர் நடுவுல எங்கயோ இருக்கு. இது மேற்கு. வருணனோட திசை."

வருணனை நான் துணைக்கு அழைத்ததைக் கேட்டு அப்பா, "இதுக்குத்தான் இவ்வளவு படிக்க வச்சேன்" என்றார். அம்மா கயிற்றின் ஓரமாக நடந்து போய், அந்த மூலையில் கொஞ்ச நேரம் நின்றாள். "நெசமாத்தானே?" என்று என்னைக் கேட்டாள். "நீதானேம்மா புள்ளி வச்சே?" என்றேன். "சரி, போடச் சொல்லு" என்றாள்.

பின்மனைக்காரர் கடைக்கால் தோண்டுவதற்கு முன் வண்டி வந்துவிட்டது. போர் போடுவதில் பேர்போன திருச்செங்கோட்டுக்காரர்கள். அன்று காலை அம்மா அப்பாவிடம், நிலைவாசல் செய்கிற ஆசாரி படப்பையில் மரத்தை அறுக்கிறாராம், பக்கத்தில் நின்று பார்த்தால்தான் நல்ல பக்கத்தை வைப்பார், இன்றைக்கே போய் வாருங்கள் என்றாள். போர் போடுகிற நாளிலா என்று அப்பா தயங்கினார். "மரம் போச்சுன்னா வருமா? இங்கதான் நாங்க ரெண்டு பேர் இருக்கோமே." வண்டலூர் போய்ப் பஸ் மாற வேண்டும். அப்பா முனகிக்கொண்டே கிளம்பினார்.

வண்டிக்காரர் எலுமிச்சம்பழமும் சூடமும் எடுத்து வைத்தார். "வீட்டு எஜமானருங்க இல்லீங்களா? அவரு கையில தேங்கா ஒடச்சாத்தானுங்க முறை."

"இந்த வீட்டுக்குத் தலைவர் நான்தான்" என்றாள் அம்மா. "எம் பேர்லயே பூஜை போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தேங்காயை வாங்கி, அந்த மூலையில் கிடந்த கல்லில் ஓங்கி உடைத்தாள். பெண்கள் தேங்காய் உடைப்பது எங்கள் வீட்டில் வழக்கமே இல்லை. வண்டிக்காரர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார், அம்மா தன்னுடையதைச் சொன்னாள். சூடம் எரிந்து முடியும்வரை குழி வெட்டப்போகிற இடத்துக்கு மேலேயே நின்றாள்.

இயந்திரம் இரைய ஆரம்பித்ததும் அவளைத் தள்ளிக் கூட்டிவந்தேன். சத்தத்தில் காதோடு காதாகத்தான் பேச முடிந்தது.

"நிழல நீ நம்பலையாம்மா?"

"நம்பாமயா போடச் சொன்னேன்?"

"அப்புறம் எதுக்கு அப்பாவ அனுப்பினே?"

அவள் துளை இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நூத்துல அஞ்சுதான் தெரியும்னு நீதானே சொன்னே. மீதி தொண்ணூத்தஞ்சு யாருக்கும் தெரியாதுன்னு. அந்தத் தொண்ணூத்தஞ்சுக்குத்தான்."

நான் கத்திய நாள் ஞாபகத்துக்கு வந்தது. ரயிலில் அப்பா தாழ்ந்த குரலில் சொன்னதும் வந்தது. இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அந்த மூலையின் ஆகாததைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறார்கள். பேச்சே இல்லாத இந்த வீடு இத்தனை வருடம் பிய்த்துக்கொண்டு போகாமல் எப்படி நின்றது என்று நான் ஒரு தரம்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை. புழுதியில் நின்று அழுதேன். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, "கண்ணுல மண்ணு விழுந்தா கசக்காதே" என்றாள்.

மத்தியானத்துக்குப் பிறகு வெள்ளைப் புகை நிறம் மாறியது. மாவு சேறாயிற்று. திடீரென்று குழாயைச் சுற்றிப் பீறிட்டுக்கொண்டு தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்பி எங்கள் எல்லோர் மேலும் கொட்டியது. வண்டி ஆட்கள் சீட்டியடித்தார்கள். அம்மா நனைந்துகொண்டே போய், கலங்கிய தண்ணீரை இரு கையிலும் ஏந்தி முதலில் தான் குடித்தாள். அப்புறம் செங்கல் அடுக்கின் மேல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். தெருமுனையிலேயே ஈரத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, அவர் ஓடி வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஓடாதீங்க, ஓடாதீங்க என்று அம்மா எழுந்து நின்றாள்.

"எனக்காகக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கக் கூடாதா?" என்று அவளிடம் குறைபட்டார். "முதல் தண்ணிய நான் பாக்க வேணாமா?"

"தண்ணி நிக்குமா உங்களுக்காக?" என்றாள் அம்மா.

அதற்குள் தண்ணீர் தெளிந்திருந்தது. அப்பா குனிந்து கையை நீட்டினார். "இருங்க" என்று தடுத்தாள். அந்திவெயிலில் அவரை ஒரு முறை தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். தான் குடித்து இவ்வளவு நேரமாகியும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதி செய்துகொள்வது போலக் கொஞ்சம் நின்றாள். பிறகு டம்ளரில் பிடித்து, அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப குடிங்க" என்றாள்.